டேட்டிங் ஆப்: அறிமுகம் முதல் நேர்ச் சந்திப்பு வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் 18 வயது நிரம்பியவர்களுக்கு. சென்னை, கோவை, மதுரை என்று தமிழ்நாட்டு ஊர்களில் இருந்துகொண்டு டேட்டிங் ஆப்பிலோ மேட்ரிமோனி தளத்திலோ துணை தேடுகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான்: ஆளை நேரில் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், நம்பர், முகவரி, அந்தரங்கப் படம், பணம் இவற்றைக் கொடுப்பதைத் தள்ளிப்போடுங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். இரண்டு மாதம் ராத்திரி இரண்டு மணி வரை சாட் செய்து, சம்பளம், வீட்டுச் சண்டை, அம்மாவின் ஆபரேஷன் வரை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஆளை மட்டும் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டோம்.

டேட்டிங் ஆப்பில் சேர்வதா, மேட்ரிமோனியில் பதிவு செய்வதா?

சீக்கிரம் கல்யாணம், வீட்டாரும் சேர்ந்து தேடட்டும் என்றால் மேட்ரிமோனி. முதலில் பழகிப் பார்ப்போம், கல்யாணப் பேச்சு அப்புறம் என்றால் டேட்டிங் ஆப். டிண்டர் 2012-ல் அமெரிக்காவில் வந்தது. பம்பிள் 2018 கடைசியில் இந்தியாவுக்கு வந்தபோது, முதல் மெசேஜைப் பெண்தான் அனுப்ப வேண்டும் என்பது அதன் தனிக் குணமாக இருந்தது. இப்போது அதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். ஹிஞ்சில் ஒருவருடைய படத்துக்கோ அவர் எழுதிய பதிலுக்கோ கீழேயே நேராகப் பேச்சைத் தொடங்கலாம். ஐல் நம் நாட்டிலேயே 2014-ல் உருவானது. தமிழ் பேசுகிறவர்களுக்கென்றே 'அன்பே' என்ற செயலியை 2022-ல் கொண்டுவந்ததும் அந்த நிறுவனம்தான்.

என் பார்வையில் பெரிய வித்தியாசம் வேறு. டேட்டிங் ஆப்பில் ப்ரொஃபைல் அந்த ஆளின் கையில் இருக்கிறது. மேட்ரிமோனியில் பல நேரம் அது அப்பாவின் கையிலோ அண்ணன் கையிலோ இருக்கிறது. நீங்கள் அனுப்பிய விருப்பத்துக்குச் சம்மதம் சொன்னது யார் என்றே தெரியாது. அதனால் மேட்ரிமோனி வழியாக ஒருவரோடு முதல்முறை பேசும்போது, "இந்தப் பதிவு உங்களுக்குத் தெரிந்து, உங்கள் விருப்பத்தோடு போட்டதுதானா?" என்று கேட்டுவிடுங்கள். படிப்பு முடியட்டும் என்று காத்திருக்கிற பெண்ணும், வேறொருவரை விரும்புகிற பையனும் அந்தக் கேள்விக்குத்தான் முதன்முதலாக உண்மையைச் சொல்வார்கள்.

எனக்கு மேட்சே வரவில்லை. என்னிடம் என்ன குறை?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தியாவில் இந்தச் செயலிகளில் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. ஒரு பெண்ணின் திரையில் ஒரே நாளில் வந்து விழுகிற விருப்பங்களை அவர் படித்து முடிக்கவே முடியாது. மேட்ச் வராதது உங்கள் முகத்துக்கோ நிறத்துக்கோ யாரும் போட்ட மார்க் இல்லை. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. தன்னையே வெறுத்துக்கொள்கிற அளவுக்குப் போன தம்பிகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, செய்யக்கூடியது என்ன? படங்களை மாற்றுங்கள். முதல் படம் பகல் வெளிச்சத்தில், கூலிங் கிளாஸ் இல்லாமல், நீங்கள் மட்டும் இருக்கிற படமாக இருக்கட்டும். ஐந்து நண்பர்களோடு நிற்கிற படத்தை முதலில் வைத்தால் இதில் யார் நீங்கள் என்று யாரும் உட்கார்ந்து தேடமாட்டார்கள். ஃபில்டர் போட்டு நிறத்தை வெளுக்க வைக்காதீர்கள். நேரில் பார்க்கிற அன்று அது உங்களையே சங்கடப்படுத்தும். ஒரு முழு உருவப் படம், நீங்கள் உண்மையிலேயே செய்கிற ஏதாவது ஒன்றின் படம். கிரிக்கெட், சமையல், மாடித் தோட்டம், எதுவானாலும் சரி. நண்பரைவிடத் தங்கையிடமோ கூட வேலை பார்க்கிற பெண்ணிடமோ காட்டிக் கேளுங்கள், பட்டென்று சொல்லிவிடுவார்கள்.

அறிமுகக் குறிப்பில் "பயணம் பிடிக்கும், சாப்பாடு பிடிக்கும், இசை பிடிக்கும்" என்று எழுதாதவர்கள் இல்லை. அதைப் படித்து யாரும் எதையும் கேட்க முடியாது. "ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி நானே சமைப்பேன். வஞ்சிரத்தைவிடச் சங்கராதான் ருசி என்பது என் கட்சி" என்று எழுதிப் பாருங்கள். சண்டை போடவாவது யாராவது வருவார்கள். என்ன தேடுகிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். கல்யாணம்தான் நோக்கம் என்றால் அதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்போதைக்கு இல்லை என்றாலும் சொல்லிவிடுங்கள். அது இன்னும் முக்கியம்.

பணம் கட்டி கோல்டு, பிரீமியம் வாங்கினால் பலன் உண்டா?

உங்கள் ப்ரொஃபைலை இன்னும் நாலு பேர் பார்ப்பார்கள், அவ்வளவுதான். படமும் குறிப்பும் சரியில்லை என்றால் அதே ப்ரொஃபைலை இன்னும் நாலு பேர் தள்ளிவிட்டுப் போவார்கள். முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். வாங்குவதென்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கி, ஆட்டோபே போட்டிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.

முதல் மெசேஜில் என்ன எழுதுவது? தமிழிலா, ஆங்கிலத்திலா?

"ஹாய்", "சாப்ட்டியா" இரண்டும் வேண்டாம். அவர் எழுதியதைப் படித்து அதிலிருந்து ஒன்றைக் கேளுங்கள். மொழி அவர் ப்ரொஃபைலில் இருக்கிற மொழிதான். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் இரண்டு நாளில் தமிங்கிலத்துக்கு வந்துவிடுவார்கள், நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் முதல் நாளே "டி", "டா", "செல்லம்" வேண்டவே வேண்டாம். 'நீங்க'வில் தொடங்கி, 'நீ'க்கு எப்போது போகலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்யலாம். அந்தப் பேச்சே நன்றாக இருக்கும்.

எவ்வளவு நாள் சாட் செய்துவிட்டு நேரில் பார்ப்பது?

இரண்டு, மூன்று வாரம் போதும். சில நாள் எழுத்தில் பேசுங்கள், அப்புறம் செயலிக்குள்ளேயே ஒரு வீடியோ கால், அதற்கடுத்த சனி ஞாயிறில் ஒரு காபி.

ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், எழுத்தில் மட்டும் பழகும்போது எதிரில் இருப்பவரின் பாதியை நாமே கற்பனையில் எழுதிக்கொள்கிறோம். அவர் குரல், நடக்கிற விதம், ஆட்டோக்காரரிடமும் டேபிள் துடைக்கிற பையனிடமும் எப்படிப் பேசுகிறார் என்பது எதுவும் சாட்டில் வராது. மூன்று மாதக் கற்பனையைச் சுமந்துகொண்டு போய் நேரில் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடத்தில் இருவருக்கும் ஏமாற்றம். அது யாருடைய தப்பும் இல்லை, தாமதத்தின் தப்பு. இன்னொரு காரணமும் உண்டு. மோசடி செய்கிறவருக்கு நேர்ச் சந்திப்பு ஆகாது. ஒவ்வொரு முறை நாள் குறிக்கும்போதும் காய்ச்சல், பாட்டிக்கு உடம்பு சரியில்லை, திடீர் ஷிப்ட் என்று மூன்று முறை தட்டிப்போனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வெளியூர், வெளிநாட்டில் இருப்பவர் என்றால்? வீடியோ கால்தான் வழி. பேசும்போது தலையை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள், கையை முகத்துக்கு முன்னால் ஆட்டச் சொல்லுங்கள். முகத்தை மாற்றிக் காட்டுகிற மென்பொருள்கள் வந்துவிட்டன. இந்தச் சோதனையில் சில போலிகள் பிடிபடும். பிடிபடவில்லை என்பதற்காக முழுதாக நம்பிவிடவும் கூடாது.

நம்பர் கேட்கிறார். கொடுக்கலாமா?

நேரில் ஒருமுறை பார்த்த பிறகு. அதுவரை செயலிக்குள்ளேயே பேசுங்கள். "இங்கே அடிக்கடி வரமாட்டேன், வாட்ஸ்அப்புக்கு வா" என்று முதல் நாளே இழுப்பவர்களில் மோசடிக்காரர்கள் அதிகம். செயலி அவர் கணக்கை முடக்குவதற்குள் உங்களை அங்கிருந்து கடத்திக்கொண்டு போவதுதான் நோக்கம்.

நம் ஊரில் நம்பர் கொடுப்பது வெறும் நம்பர் கொடுப்பதோடு முடிவதில்லை. அதை ஜிபேயிலோ ஃபோன்பேயிலோ போட்டால் வங்கியில் பதிந்த முழுப் பெயர் வரும். பலருக்கு அதில் அப்பா பெயரும் சேர்ந்தே இருக்கும். ட்ரூகாலரில் போட்டால் யாரோ உங்களை எப்படிச் சேமித்து வைத்திருக்கிறார்களோ அது வரும்: "திவ்யா, வேளச்சேரி பிஜி", "கார்த்திக், இன்ன கம்பெனி" என்று. அங்கிருந்து இன்ஸ்டாகிராம், அங்கிருந்து உங்கள் அக்காவின் கணக்கு, கல்யாண ஆல்பம், வீட்டு வாசல். எல்லாவற்றுக்கும் சில நிமிடம் போதும். அவசியம் என்றால் இன்ஸ்டாகிராம் கணக்கு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் குடும்பப் படம் வேண்டாம். டேட்டிங் ஆப்பில் போடுகிற படமும் வேறெங்கும் போடாத படமாக இருந்தால் நல்லது. ஆபீஸ் அடையாள அட்டை, வண்டி நம்பர் பிளேட், வீட்டு வாசல் கோலத்தோடு கதவு எண் இவையெல்லாம் படத்தில் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அவர் சொல்வதெல்லாம் உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீல டிக் பார்த்து ஏமாறாதீர்கள். செல்ஃபி வீடியோவில் உள்ள முகமும் ப்ரொஃபைல் படத்தில் உள்ள முகமும் ஒன்று என்பதைத்தான் அது பெரும்பாலும் சொல்கிறது. கல்யாணம் ஆகாதவரா, சொல்கிற வேலையில் இருக்கிறாரா என்பதைச் சொல்லாது.

படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். யாரோ ஒரு மாடலின் படம் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். வேலையை லிங்க்டுஇன்னில் பார்க்கலாம். கல்யாணம் ஆனவர் தனியாள் என்று சொல்லித் திரிவதுதான் நான் கேட்டதில் மிக அதிகமான பொய். அதற்குச் சில அடையாளங்கள் உண்டு. இரவு ஏழு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் கிடைக்கமாட்டார். போன் செய்தால் எடுக்கமாட்டார், அவரே செய்வார். நண்பர் ஒருவரைக்கூட அறிமுகப்படுத்தமாட்டார். இவற்றில் எதையும் வைத்து மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. நேராகக் கேளுங்கள். பதிலைவிடக் கேட்டதும் வருகிற கோபத்தைக் கவனியுங்கள்.

கல்யாணம் செய்துகொள்வதாக ஒரு பெண்ணுக்குப் பொய் வாக்குக் கொடுத்து உறவு கொள்வது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 69-வது பிரிவில் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தன் அடையாளத்தை மறைத்துக் கல்யாணம் செய்துகொள்வதும் அந்தப் பிரிவுக்குள்தான் வரும்.

முதல் சந்திப்பை எங்கே வைத்துக்கொள்வது?

பகலில், ஆட்கள் நடமாடும் இடத்தில், நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில். சென்னையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, வேளச்சேரி ஃபீனிக்ஸ் போன்ற மால்கள். கோவையில் புரூக்ஃபீல்ட்ஸ், ரேஸ் கோர்ஸ் பக்கத்துக் காபிக் கடைகள். மெட்ரோவில் போய்வரக்கூடிய இடம் என்றால் இன்னும் வசதி, அவர் வண்டியில் ஏற வேண்டிய கட்டாயம் வராது. பெசன்ட் நகர் கடற்கரை அழகுதான், ஆனால் இருட்டியபின் முதல் சந்திப்புக்கு வேண்டாம். மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர் பக்கம் இருப்பவர்கள் "எங்கே போனாலும் ஒரு சித்தப்பா இருப்பார்" என்கிறார்கள். உண்மைதான். அதற்குப் பயந்து ஆளில்லாத இடத்துக்கோ பூட்டிய அறைக்கோ போகாதீர்கள். சித்தப்பா பார்த்தால் ஒரு நாள் திட்டு, அங்கே நேரக்கூடியதை அதோடு ஒப்பிடவே முடியாது. இரு தரப்புக்கும் பழக்கமில்லாத பெரிய ஊரில், பகலில் போய்ப் பகலிலேயே திரும்புங்கள்.

கிளம்பும் முன் ஒரு தோழியிடம் அல்லது நண்பரிடம் ப்ரொஃபைல் படத்தையும் இடத்தையும் அனுப்பிவிட்டு, வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 8 மணி நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர் போன் செய்யட்டும். கிளம்ப வேண்டும் என்றால் அதுவே சாக்கு. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் அவசரப் பொத்தான் இருக்கிறது, அதை முன்னாடியே இறக்கி எண்ணைப் பதிவு செய்து வையுங்கள். செயலி இல்லாவிட்டாலும் 112 எப்போதும் உண்டு, பெண்களுக்கு 181-ம் உண்டு.

ஆண்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெல்லி, மும்பை, ஹைதராபாத்தில் 2024-ல் நிறையப் பேசப்பட்ட மோசடி இது. மேட்ச் ஆன பெண் ஒரு குறிப்பிட்ட பாருக்கோ கஃபேக்கோதான் போக வேண்டும் என்பார். மெனுவில் விலையே இல்லாத பானங்களை வரவழைப்பார். திடீரென்று போன் வரும், கிளம்பிப் போய்விடுவார். பல்லாயிரக்கணக்கில் பில் வரும், கட்டாமல் வெளியே விடமாட்டார்கள். கடைக்கும் அந்தப் பெண்ணுக்கும் அதில் பங்கு. இடத்தை அவரே பிடிவாதமாகச் சொன்னால் வேறு இடம் சொல்லிப் பாருங்கள். மாட்டிக்கொண்டால் அங்கிருந்தே 112-க்கு அழையுங்கள்.

பில்லை யார் கட்டுவது?

பாதிப் பாதி. இல்லையென்றால் இந்த முறை ஒருவர், அடுத்த முறை மற்றவர். பெண் தன் பங்கைக் கொடுக்கும்போது "பரவாயில்லை, வைங்க" என்று ஒருமுறை சொல்லலாம், இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளுங்கள். காபி வாங்கிக் கொடுத்ததற்காக யாரும் எதற்கும் கடன்பட்டவர் ஆகிவிட மாட்டார்.

பேச ஆரம்பித்து இரண்டு நாளிலேயே "உங்க சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலதெய்வம் எது" என்று கேட்கிறார். சாதி தெரிந்துகொள்ளத்தானே?

பெரும்பாலும் ஆமாம். சில பேர் வெள்ளந்தியாகவும் கேட்பார்கள். "ஏன் கேட்கிறீங்க, சாதி தெரிஞ்சுக்கணுமா?" என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள். சாதி பார்த்துத்தான் பழகுவேன் என்று ஒருவர் சொன்னால், நாலு மாதம் கழித்து வரவேண்டிய வலி நாலாவது நாளே வந்து போய்விட்டது. நீங்கள் சாதி பார்ப்பவர் என்றால், உங்களை நம்பி ஒருவர் மனதைக் கொடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிடும் கடமை உங்களுக்கு உண்டு. "எனக்கு ஓகே, வீட்டில் ஒத்துக்கமாட்டாங்க" என்பதை ஒரு வருஷம் பழகிவிட்டுச் சொல்வது கொடுமை. வீட்டில் பேசும் துணிவு உங்களிடம் இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்கு முதல் மாதமே தெரியும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2016-ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்ட் அருகே, சாதி மாறிக் கல்யாணம் செய்த இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. மிரட்டல் என்று ஒன்று வந்துவிட்டால் "நம்ம வீட்டு ஆட்கள்தானே" என்று விடாதீர்கள். வயது வந்த இருவர் கல்யாணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் அனுமதியோ சமூகத்தின் அனுமதியோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொன்னது. அப்படிப்பட்ட இணையர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு இருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் உத்தரவிட்டது. எஸ்.பி. அலுவலகத்திலோ கமிஷனர் அலுவலகத்திலோ எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். இருவரும் இந்துக்கள் என்றால் தமிழ்நாட்டில் 1967-ம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் உண்டு. மதம் வேறு என்றால் 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் அறிவிப்புக் காலம் இருப்பதால், அந்த நாட்களில் எங்கே தங்குவது என்பதை வழக்கறிஞரோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பணம் கேட்கிறார். அவசரம் என்கிறார். என்ன செய்வது?

கொடுக்காதீர்கள். நேரில் பார்க்காத ஒருவருக்கு எந்தக் காரணத்துக்கும், எவ்வளவு சின்னத் தொகையானாலும் வேண்டாம்.

காரணங்கள் மாறிக்கொண்டே இருக்கும். லண்டன் டாக்டர் பரிசுப் பார்சல் அனுப்பினார், டெல்லி விமான நிலையக் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, வரி கட்ட வேண்டும் என்பது பழைய கதை. இப்போது அதிகம் நடப்பது முதலீட்டு மோசடி. அதில் அவர் பணமே கேட்கமாட்டார். வாரக்கணக்கில் அன்பாகப் பேசுவார், சாப்பிட்டாயா தூங்கினாயா என்று விசாரிப்பார். தான் கிரிப்டோவிலோ பங்குச் சந்தையிலோ சம்பாதித்ததை அவ்வப்போது காட்டுவார். நீங்களே ஆசைப்பட்டுக் கேட்கிற வரை காத்திருப்பார். அவர் கொடுக்கிற செயலியில் ஐயாயிரம் போட்டால் ஏழாயிரம் ஆகும், அதை எடுக்கவும் முடியும். அந்த நம்பிக்கையில் ஐந்து லட்சம் போட்டால் எடுக்க முடியாது. எடுக்க 'வரி' கட்டச் சொல்வார்கள். திரையில் ஏறுகிற எண் வெறும் எண், அங்கே பணமே இல்லை.

இந்த வலையின் பெரும்பகுதி மியான்மர், கம்போடியா, லாவோஸில் இருக்கிற மோசடிக் கூடாரங்களிலிருந்து இயங்குகிறது. 2022-ல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்களையே மியான்மரின் மியாவடிக்குக் கடத்திக்கொண்டு போய் இந்த வேலை செய்யக் கட்டாயப்படுத்தினார்கள். பிறகு மீட்டு அழைத்து வந்தார்கள். உங்களுக்கு 'குட் மார்னிங்' அனுப்புகிறவர் சிறைப்பட்ட ஒருவராகக்கூட இருக்கலாம்.

பணம் போய்விட்டதா? அழுவதற்கு முன் 1930-க்கு அழையுங்கள். அது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் வங்கிக்குச் சொல்லுங்கள், மத்திய அரசின் சைபர்கிரைம் இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். சாட்டை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. இன்னொன்று: உங்களுக்குப் பணம் வருவதற்கு யூபிஐ பின் எண் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் போகிறது என்று பொருள்.

வீடியோ காலில் நடந்ததைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறார்கள். சாகலாம் போல இருக்கிறது.

இதைப் படிக்கும்போது இந்த நிலையில் இருக்கிறீர்கள் என்றால், முதலில் யாராவது ஒருவரிடம் சொல்லுங்கள். நண்பர், அக்கா, யாராக இருந்தாலும் சரி. சொல்ல ஆளே இல்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தப்பு செய்தது மிரட்டுகிறவர். ஒருவரை நம்பியது குற்றம் இல்லை.

பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் கொடுக்கக்கூடிய ஆள் என்று தெரிந்துகொண்டு மறுபடி மறுபடி வருவார்கள். அடுத்து போலீஸ் அதிகாரி, சிபிஐ என்று ஒருவன் போன் செய்து, "அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டாள், வழக்கு வரும்" என்பான். அவனும் அந்தக் கூட்டத்து ஆள்தான். ஸ்கிரீன்ஷாட், நம்பர், ப்ரொஃபைல் இணைப்பு, பணம் கேட்ட கணக்கு விவரம் எல்லாவற்றையும் சேமித்துவிட்டு அவர்களை பிளாக் செய்யுங்கள். சமூக ஊடகக் கணக்குகளைக் கொஞ்ச நாள் பூட்டி வையுங்கள். 1930-லும் சைபர்கிரைம் இணையதளத்திலும் புகார் கொடுங்கள். ஒருவருடைய அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மிரட்டிப் பணம் பறிப்பது தனிக் குற்றம்.

படம் வெளியே போய்விடுமோ என்ற பயத்துக்கு 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற இலவச இணையதளம் இருக்கிறது. உங்கள் படத்தை அது வாங்கிக்கொள்வதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு ரகசியக் குறியீட்டை உருவாக்கி, அந்தக் குறியீட்டை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குக் கொடுக்கிறது. அதே படத்தை யாராவது அங்கே ஏற்றினால் அடையாளம் கண்டு தடுக்க அது உதவும்.

நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று பதிலே இல்லை.

ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: "விருப்பமில்லை என்றால் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வேன்." ஒரு வாரம் பாருங்கள். பதில் இல்லை என்றால் அதுதான் பதில். வலிக்கும், பார்த்துக்கூட இராத ஒருவருக்காக இப்படி வலிக்குமா என்று வெட்கப்படாதீர்கள், வலிக்கத்தான் செய்யும். வேறு நம்பரிலிருந்து கூப்பிடுவது, ஆபீஸ் வாசலில் நிற்பது, தோழியைத் தூது அனுப்புவது எதுவும் வேண்டாம். விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகச் சொன்ன பிறகும் ஓர் ஆண் தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வது, பின்தொடர்வது, இணையத்தில் அவரைக் கண்காணிப்பது எல்லாம் நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் குற்றம். நீங்கள் விலகுகிற ஆள் என்றால், இரண்டு வரி எழுதிவிட்டு விலகுங்கள். "உங்களோடு பேசியது நன்றாக இருந்தது, ஆனால் நமக்குள் ஒத்துவராது என்று தோன்றுகிறது." இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

தன்பால் ஈர்ப்பு உள்ளவன். செயலியில் ஒருவரைப் பார்க்கப் போக பயமாக இருக்கிறது.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. வரச்சொல்லி, அடித்து, வீடியோ எடுத்து, "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்று பணம் பறிக்கிற கும்பல்கள் உண்டு. முதல் சந்திப்பை யாருடைய அறையிலும் வைத்துக்கொள்ளாதீர்கள், வீடியோ காலில் முகம் பார்க்காமல் போகாதீர்கள், செயலியில் தூரம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் போலீஸிடம் போகத் தயங்க வேண்டியதில்லை. வயது வந்த இருவரின் சம்மதத்தோடு நடப்பது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், போலீஸ் தொல்லையிலிருந்து இவர்களைக் காக்கவும், பாலீர்ப்பை 'மாற்றும் சிகிச்சை' என்ற பெயரில் நடக்கும் கொடுமையைத் தடுக்கவும் உத்தரவிட்டது. கல்யாணத்துக்கு மட்டும் உச்ச நீதிமன்றத்தின் 2023 தீர்ப்பில் அங்கீகாரம் கிடைக்கவில்லை.

விவாகரத்து ஆனவள், ஒரு குழந்தை இருக்கிறது. எப்போது சொல்வது?

ப்ரொஃபைலிலேயே. விலகிப் போகிறவர்கள் அங்கேயே போகட்டும். குழந்தையின் படத்தையும் பள்ளியின் பெயரையும் மட்டும் போடாதீர்கள். குழந்தைக்கு அவரை அறிமுகப்படுத்துவதை இருவருக்கும் உறுதியான பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இருவரும் சேர்ந்து வெளியூர் போய் அறை எடுத்தால் போலீஸ் பிடிக்குமா?

கல்யாணமாகாத வயது வந்த இருவர் ஓட்டல் அறையில் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று 2019-ல் கோவை விடுதி வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இருவரிடமும் அடையாள அட்டை இருக்க வேண்டும். விடுதி தன் விதி என்று மறுக்கலாம், அதனால் முன்பே கேட்டுவிடுங்கள். ஒருவருக்கு 18 நிரம்பவில்லை என்றால் அவர் சம்மதித்தாலும் உறவு கொள்வது போக்சோ சட்டத்தில் குற்றம், இதில் பேச்சுக்கே இடமில்லை. அறைக்கு வந்ததால் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று ஆகிவிடாது; நடுவில் "வேண்டாம்" என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஆணுறையை இருவரில் யார் வேண்டுமானாலும் வாங்கி வைத்துக்கொள்ளலாம், மெடிக்கல் ஷாப்பில் யாரும் கல்யாணச் சான்றிதழ் கேட்கப்போவதில்லை.

வீட்டில் எப்போது சொல்வது? "எங்கே பழக்கம்" என்று கேட்டால்?

இருவருக்கும் முடிவு உறுதியான பின், வேறு யாராவது சொல்லும் முன். "நண்பர் மூலம் அறிமுகம்" என்று பொய் சொல்லச் சிலர் யோசனை கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரியவர்களே இப்போது மேட்ரிமோனி செயலியைப் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆன்லைனில் அறிமுகம் என்பது அவர்களுக்குப் புதிது இல்லை. முதலில் அம்மாவிடமோ, வீட்டில் உங்கள் பேச்சைக் கேட்கிற யாரிடமோ தனியாகச் சொல்லுங்கள். தீபாவளி அன்று, கல்யாண வீட்டில், சொந்தக்காரர்கள் நடுவில் வேண்டாம். அவர்கள் கேட்கப்போகிற கேள்விகள் உங்களுக்கே தெரியும்: வேலை, குடும்பம், கடன், உடல்நலம். பதிலோடு போங்கள். கடனையும் நோயையும் பற்றி நீங்கள் இருவரும் அதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும்.

இருவரும் உறுதி செய்துவிட்டோம். செயலியைப் போனிலிருந்து நீக்கினால் போதுமா?

போதாது. போனிலிருந்து நீக்கினால் செயலி மட்டும்தான் போகும். உங்கள் கணக்கு அப்படியே இருக்கும், மற்றவர்கள் திரையில் தெரிந்துகொண்டும் இருக்கலாம். முதலில் சந்தாவை ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ ரத்து செய்யுங்கள், யூபிஐ ஆட்டோபே பட்டியலிலும் பார்த்துவிடுங்கள். அப்புறம் செயலியின் அமைப்புகளுக்குள் போய்க் கணக்கையே அழியுங்கள். அதன்பிறகு போனிலிருந்து எடுங்கள். மேட்ரிமோனியில் அப்பா தொடங்கிய கணக்கு அவர் மெயிலில் இருக்கும், அவரிடம் உட்கார்ந்து மூடவையுங்கள். தரகரிடமும் சமூக வாட்ஸ்அப் குழுக்களிலும் கொடுத்த பயோடேட்டாவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறந்த நேரம், வீட்டு முகவரி, சம்பளம், அப்பா நம்பர் எல்லாம் அந்த ஒரே தாளில்தான் இருக்கின்றன. யார் யாருக்கு அனுப்பினோம் என்று அம்மாவிடம் கேட்டு, இடம் முடிந்துவிட்டது, அழித்துவிடுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லச் சொல்லுங்கள்.